கரை பலமா இருந்தா போதுமா? சின்ன அணைக்குத் தரம் பார்க்கும் முறை

ஆந்திராவில் நகரி, சத்தியவேடு பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "நம்ம அணை தாங்குமா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அணை எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அது பாதுகாப்பு நிலை. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. அது அபாயத் தரம். புத்தம் புது அணைக்கும் உயர் அபாயத் தரம் வரலாம். கரையெல்லாம் விரிசல் விட்டிருந்தாலும், கீழே வெறும் கரம்பு நிலம் என்றால் தரம் குறைவுதான். ஒரு நோட்டு எடுத்து, இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

முதலில் அளவு. அணையின் உயரத்தை அடித்தளத்தின் மிகத் தாழ்வான இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். 15 மீட்டரைத் தாண்டினால் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். 10 முதல் 15 மீட்டர் என்றால் 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். நகராட்சி கையில் இருக்கும் குட்டி அணை பெரும்பாலும் இதற்கெல்லாம் வெளியேதான் நிற்கும்.

அடுத்து, அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடை வழியே கீழே நடங்கள். வீடு, பள்ளி, தரைப்பாலம், மாட்டுக்கொட்டகை எல்லாவற்றையும் எண்ணுங்கள். பகலில் எண்ணினால் போதாது; ராத்திரி அங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஓடைப் புறம்போக்கில் புதிதாக மனை போட்டிருந்தால் அணையில் ஒரு கல் அசையாமலே அபாயத் தரம் ஏறிவிடும். அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய தரத்தை நம்பாதீர்கள்.

ஓடையின் மேல்பக்கம் இருக்கும் அணைகள் மேலும் ஒரு கண் வையுங்கள். 2021 நவம்பரில் கடப்பா மாவட்டத்தில் பிஞ்சா அணையின் கரை முதலில் உடைந்தது. அந்த வெள்ளமும் சேர்ந்து வந்து கீழே அன்னமய்யா அணையின் மண் கரையை அடித்துப் போனது.

இப்போது கரை. மேலே நீளவாக்கில் விரிசல், எலி வளை, கரையில் வேர்விட்ட மரம், மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில் (தெலுங்கில் மறவ) மீனுக்காக அடுக்கிய மணல் மூட்டை, எல்லாவற்றையும் குறியுங்கள். மதகு ஷட்டரை ஒரு தடவை ஏற்றி இறக்கச் சொல்லிப் பாருங்கள்.

கசிவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கரையடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துப் பதறினேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீருகண்டி தாத்தா சிரித்தார்: "பாட்டில்ல புடிச்சு வெச்சுப் பாரு நைனா." தெளிந்த நீர், அதே அளவில் ஊறினால் பெரும்பாலும் கவலையில்லை. தண்ணீர் கலங்கி வந்து, பாட்டில் அடியில் மண் படிந்தால் கரையே உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அதே 2021 நவம்பரில் திருப்பதி அருகே ராயலசெருவில் கசிவு வந்தபோது கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரு வாளி, செல்போன் கடிகாரம் போதும்: வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று வாராவாரம் எழுதுங்கள். நொடி குறைந்துகொண்டே வந்தால் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக, குறைகளைப் பிரியுங்கள். அணையையே உடைக்கக்கூடியது முதல் வகை, சீக்கிரம் சரிசெய்ய வேண்டிய பெரிய குறை இரண்டாவது, வருடத்துக்குள் முடிக்கக்கூடிய சில்லறை வேலை மூன்றாவது. படங்களோடு நகராட்சிப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். படம் எடுத்த இடத்தில் கல்லில் பெயின்ட் அடித்து வையுங்கள். அடுத்த தடவையும் அங்கேயே நின்று எடுக்கலாம்.