இடுப்பு மூட்டில் பிடிக்கிறதா? இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்

ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும். காரில் ஏறும்போதும், தாழ்வான சோபாவிலிருந்து எழும்போதும் அதே வலி. எங்கே என்று கேட்டால் பலர் ஒரு விரலால் தொட்டுக் காட்டுவதில்லை. கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவார்கள். விளையாட்டு, ஜிம், நடனம் என்று சுறுசுறுப்பாக இருப்பவர் அப்படிக் காட்டினால் ஹிப் இம்பிஞ்ச்மென்ட்டாக (இடுப்பு மூட்டில் எலும்புகள் முட்டிக்கொள்ளும் பிரச்சினை) இருக்கலாமோ என்று யோசிக்க வேண்டும்.

இதில் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, தசை இறுக்கம் என்று நினைத்து இழுப்பதுதான். சிக்கல் இருப்பது எலும்பின் வடிவத்தில். தொடை எலும்பின் பந்துப் பகுதி கழுத்தோடு சேருமிடத்தில் புடைத்திருந்தால் கேம் வகை. அந்தப் பந்து பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி மூடியிருந்தால் பின்சர் வகை. இரண்டும் கலந்திருப்பதும் சகஜம். காலை மடக்கி உள்பக்கம் திருப்பும்போது எலும்போடு எலும்பு முட்டி, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் நசுங்குகிறது. முழங்காலை எதிர்த் தோளை நோக்கி இழுக்கும் ஸ்ட்ரெச்சைப் பலரும் செய்கிறார்கள். மருத்துவர் வலியை வரவழைத்துப் பார்க்கச் செய்யும் சோதனையும் கிட்டத்தட்ட அதே அசைவுதான். தினமும் காலையில் அதையே செய்துகொண்டிருந்தால் நசுங்கிய இடம் எப்படி ஆறும்? யோகா வகுப்பிலும் இதே கதைதான். பத்மாசனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். யாரையும் முழங்காலை அழுத்திவிட அனுமதிக்காதீர்கள்.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'கேம்' என்று பார்த்ததும் கலங்கிப்போவது அடுத்த தவறு. வளரும் வயதில் கால்பந்து, ஐஸ் ஹாக்கி என்று கடுமையாக ஆடியவர்களிடம் இந்தப் புடைப்பு நிறையவே உண்டு. அவர்களில் பலருக்கு வலியே இருப்பதில்லை. அறிகுறி, நேரடிப் பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் இதை நோயாகக் கொள்ள வேண்டும் என்று 2016-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்தார்கள்.

முழு ஓய்வும் வேண்டாம். படுத்தே கிடந்தால் மூட்டைத் தாங்கும் தசைகள் மெலிந்துவிடும். ஸ்குவாட்டை வலி தொடங்குவதற்கு முன்பே நிறுத்துங்கள், சைக்கிள் சீட்டைச் சற்று உயர்த்துங்கள், தரையில் உட்காருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் படிப்படியாக வலுப்படுத்த வேண்டும். இரண்டே வாரத்தில் "பலனில்லை" என்று நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். குறைந்தது மூன்று மாதமாவது கொடுங்கள்.

அறுவை சிகிச்சை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 348 பேரிடம் நடந்து, 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஃபேஷன் (FASHIoN) என்ற ஆய்வில், ஓராண்டு முடிவில் உடற்பயிற்சி சிகிச்சை பெற்றவர்களும் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களும் தேறியிருந்தார்கள். ஆர்த்ராஸ்கோப்பி சற்றுக் கூடுதல் பலன் தந்தது. பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் வலி போகாவிட்டால் அதைப் பற்றிப் பேசலாம். மூட்டுத் தேய்மானம் முற்றியவர்களுக்கு அது பெரிதாக உதவாது.

எல்லா இடுக்கு வலியும் இதுவல்ல. ஓட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டியபின் காலை ஊன்றினாலே வலித்தால், தொடை எலும்புக் கழுத்தில் விரிசல் இருக்கலாம். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் அதிகம் மது அருந்துபவர்களுக்கும் ரத்த ஓட்டம் குறைந்து பந்து எலும்பே செத்துப்போவதுண்டு. இந்த இரண்டும் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். இத்தகையவர்கள் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கக் கூடாது. உடனே எலும்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும்.