ஏரியில் கழிவு கலந்தால் மனு எழுதும் முறை

ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற ஆந்திர எல்லைப் பகுதி ஏரியொன்றில் கழிவுநீர் கலப்பதைக் கண்டால், முதலில் நாள், நேரம், மதகிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்து, நுரை தெரியப் படமெடுத்து வையுங்கள். விடியற்காலையே ஏற்ற நேரம்; இரவில் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், மீன்கள் அப்போதுதான் மேலே வந்து வாய் பிளந்து திணறும்.

நாமே பாட்டிலில் பிடித்த நீர் வழக்கில் சான்றாக நிற்பது கடினம் என்பதால், 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதிகாரியே மாதிரி எடுக்க வேண்டுமென்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் மனுவில் தெளிவாகக் கேளுங்கள். பலர் இந்த வரியை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கால்வாய் ஆந்திரத்திலிருந்து வருமானால் அம்மாநில வாரியத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பயனில்லையெனில், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுக வேண்டும்.