எந்தப் பிள்ளை? ஒரே பெயர்க்காரர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1948ஆம் ஆண்டு இரண்டு கிருஷ்ண பிள்ளைகள் இறந்தார்கள். ஜூன் 17 அன்று மறைந்தவர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை. 'ரமணன்' எழுதிய மலையாளக் கவிஞர் அவர்; வயது 36. ஆகஸ்ட் 19 அன்று மறைந்தவர் பி. கிருஷ்ண பிள்ளை. கேரளத்தில் கம்யூனிஸ்ட் இயக்கத்தை வளர்த்தெடுத்த தலைவர் அவர். தலைமறைவாக இருந்த இடத்தில் பாம்பு கடித்து இறந்தார். 'கிருஷ்ண பிள்ளை, இறப்பு 1948' என்று மட்டும் குறிப்பு எடுத்து வைத்தால், ஒருவர் படத்தின் கீழே இன்னொருவர் வரலாறு ஏறிவிடும். போதாததற்குத் தமிழில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இருக்கிறார். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தவர்.

நூற்றாண்டு மலர், பாடநூல் துணைக்குறிப்பு, போட்டித் தேர்வுக் கையேடு, இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரை என எதற்கு எழுதினாலும் 'பிள்ளை' என்று முடியும் பெயர்களில் இந்தச் சிக்கல் வரும். ஆளைப் பிரித்துக் காட்டுவது பெயரின் கடைசிப் பகுதி இல்லை; முன்னால் நிற்கும் ஊரும் முதலெழுத்தும்தான். இடம் போதவில்லை என்று பலரும் முதலில் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

முன்னொட்டை வெட்டினால் என்ன ஆகும்

'மீனாட்சிசுந்தரம் பிள்ளை' என்று மட்டும் எழுதினால் குறைந்தது மூன்று பேர் வந்து நிற்பார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருவாவடுதுறை ஆதீன வித்துவான், உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர், தலபுராணங்களும் 'சேக்கிழார் பிள்ளைத்தமிழ்' போன்ற நூல்களும் பாடியவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) நட்டுவனார்; ருக்மிணி தேவியும் ராம் கோபாலும் அவரிடம் பரதம் கற்றார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் மேதை. மூவருமே காவிரிக் கரையோடு தொடர்புடையவர்கள் என்பதால், 'தஞ்சைப் பக்கம்' என்ற குறிப்பு உதவாது. ஊர்ப் பெயரை விடக் கூடாது. சொற்பொழிவுகளில் தெ.பொ. மீனாட்சிசுந்தரமும் (1901–1980) இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்படுவதுண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர் பெயரில் 'பிள்ளை' கிடையாது. நாமாகச் சேர்க்கவும் கூடாது.

வேதநாயகம் விஷயம் இன்னும் நுட்பமானது. மாயூரம் முன்சீப் ச. வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'சுகுணசுந்தரி', 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' ஆகியவை அவருடையவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவருக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவர். சீர்திருத்தக் கிறிஸ்தவர், ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் கீர்த்தனை எழுதினார்கள், இருவரும் காவிரிப் படுகையில் வாழ்ந்தார்கள். அதனால்தான் ஒருவர் கீர்த்தனை இன்னொருவர் கணக்கில் போய்ச் சேர்கிறது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: நாவல், நீதிமன்றம், பெண்கல்வி பேசினால் மாயூரத்தார்; சரபோஜி மன்னர் அவையும் தேவாலய வழிபாடும் பேசினால் தஞ்சாவூரார். 1930 வேதாரணிய உப்புச் சத்தியாகிரகம் பேசினால் இருவருமே இல்லை, அவர் வேதரத்தினம் பிள்ளை.

அந்தச் சத்தியாகிரகத்துக்குக் 'கத்தியின்றி ரத்தமின்றி' பாடிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972). வள்ளலாரும் (1823–1874) 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் 'இராமலிங்க பிள்ளை' என்று வருவார். பழைய ஆவணம் ஒன்றில் அந்தப் பெயரைக் கண்டால், ஆவணத்தின் ஆண்டைப் பார்த்த பிறகே யார் என்று முடிவு செய்யுங்கள். 1874க்கு முந்தியது என்றால் அது நாமக்கல்லாராக இருக்க வழியே இல்லை.

முன்னொட்டு எல்லாமே முதலெழுத்து இல்லை

கா. சுப்பிரமணிய பிள்ளையை (1888–1945) அக்காலத்தவர் 'எம்.எல். பிள்ளை' என்றே அழைத்தார்கள். எம்.எல். என்பது அவர் பெற்ற சட்ட முதுகலைப் பட்டம். அதைத் தந்தை பெயர், ஊர் பெயர் என்று விரிக்கப் பார்ப்பதும், 'எம்.எல். பிள்ளை'யையும் 'கா.சு. பிள்ளை'யையும் இரண்டு ஆட்களாக்கித் தனித்தனிப் பதிவு போடுவதும் வழக்கமாக நேரும் பிழைகள். 'மனோன்மணியம்' சுந்தரம் பிள்ளையில் (1855–1897) மனோன்மணியம் என்பது 1891இல் வெளியான அவருடைய நாடகத்தின் பெயர். அவர் முதலெழுத்து பெ.; தந்தை பெருமாள் பிள்ளை. எச்.ஏ. என்பதோ ஹென்றி ஆல்பிரட் என்ற ஞானஸ்நானப் பெயர்.

ஆங்கிலம் வழியாகச் சுற்றி வரும்போது முதலெழுத்து சிதைவது தனி வேதனை. பெ. ஆங்கிலத்தில் 'பி' ஆகி, தமிழுக்குத் திரும்பும்போது 'பி. சுந்தரம் பிள்ளை' ஆகிறது. வெ. இராமலிங்கம் 'வி. இராமலிங்கம்' ஆகிறார். மிக மோசமானது சி.வை. தாமோதரம் பிள்ளைக்கு (1832–1901) நடப்பது. ஆங்கிலத்தில் அவருக்கு 'சி.டபிள்யூ.' என்று போடுவார்கள். அது சார்லஸ் வின்ஸ்லோ என்ற கிறிஸ்தவப் பெயரின் சுருக்கம். தமிழில் உள்ள சி.வை. அவர் பிறந்த யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியையும் தந்தை வைரவநாதரையும் குறிக்கிறது. ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொண்டு 'சி.டபிள்யூ. தாமோதரம் பிள்ளை' என்று தமிழில் எழுதினால், தமிழ் நூற்பட்டியல்களில் அவர் கிடைக்க மாட்டார். தமிழ் முதலெழுத்தை நூலின் முகப்புப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு வருடம் தவறும் இடம்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பிறப்பு பவ வருடம் பங்குனி 26. மறைவு யுவ வருடம் தை 20. ஆண்டு மாற்றும் அட்டவணையில் பவ என்றால் 1814, யுவ என்றால் 1875 என்று இருக்கும். அதை அப்படியே எழுதினால் இரண்டும் பிழை. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. மார்கழி நடு வரையுள்ள நாட்களே அட்டவணை காட்டும் ஆங்கில ஆண்டில் விழும். அதன் பிறகு வரும் மார்கழியின் பிற்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டு. ஆகவே பிறப்பு 1815 ஏப்ரல் 6, மறைவு 1876 பிப்ரவரி 1. மாதம் தெரியாமல் வருடப் பெயர் மட்டும் கிடைத்தால் '1814–15' என்று இரட்டையாகப் போடுவதே நேர்மை. வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது. 1815–16உம் யுவ வருடம்தான்.

இந்தக் கணக்குக்கெல்லாம் நாம் இன்றும் கைநீட்டும் 'இந்தியன் எபிமெரிஸ்' அட்டவணைகளைத் தந்தவரும் ஒரு பிள்ளைதான்: எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). கி.பி. 700 முதல் 1799 வரையான நாட்களுக்கு அவை பயன்படும். மகாவித்துவான் காலத்துக்கு அவை எட்டாது. 19ஆம் நூற்றாண்டுக்கு வேறு பஞ்சாங்கம் தேட வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் வேறொரு பொறி காத்திருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) புதுச்சேரியில் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைச் சென்னைக் கோட்டைப் பதிவுகளோடு ஒப்பிடும்போது தேதிகள் 11 நாள் இடிக்கும். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. நிகழ்ச்சி ஒன்றுதான். பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியதே காரணம். பிள்ளை தப்பாக எழுதிவிட்டார் என்று அடிக்குறிப்பு போடுவதற்கு முன், தேதி எந்த நாட்காட்டிப்படி என்று பாருங்கள்.

யார் பதிப்பித்தது, யார் எழுதியது

புகழ் பெற்றவர் கணக்கில் மற்றவர் உழைப்பைச் சேர்ப்பது பதிப்பு வரலாற்றில் தீராத நோய். சங்க நூல் என்றதும் உ.வே.சா. பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, அதே ஆண்டில் உ.வே.சா. கொண்டுவந்தது சீவக சிந்தாமணி. வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரை, சூளாமணி ஆகியவற்றின் பின்னாலும் தாமோதரம் பிள்ளையின் உழைப்பு இருக்கிறது. ஏடுகள் செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றைத் தேடி எடுத்து அச்சுக்குக் கொண்டுவந்தவரின் பெயரை நாம் கைத்தவறாகக் கூட விடக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி அவர் ஒருவரே என்று எழுதுவதும் முழு உண்மை இல்லை. முதல் தேர்வில் அவரோடு தேறிய கரோல் விசுவநாத பிள்ளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஸ். வையாபுரிப் பிள்ளைக்கு (1891–1956) எதிர்ப்பக்கத் தவறு நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 'அவர் எழுதிய அகராதி' என்கிறார்கள். 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக் கொடுத்தது அவரே. ஆனால் வேலையைத் தொடங்கி நடத்தியவர் ஜே.எஸ். சாண்ட்லர், முதல் பகுதிகள் 1926க்கு முன்பே வெளிவந்துவிட்டன. 'பதிப்பாசிரியர்' என்ற சொல் இங்கே போதும். வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் (1872–1936) பற்றி எழுதுகிறவர்களோ கப்பலோடும் சிறையோடும் நிறுத்திவிடுகிறார்கள். தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க அவர் பட்ட பாடு வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாவது பெற வேண்டும்.

'மனோன்மணியம்' பற்றிய இரண்டு கூற்றுகளையும் ஒதுக்குங்கள். அது மொழிபெயர்ப்பு என்பது தவறு. கதையும் முழுக்கச் சொந்தம் என்பதும் தவறு. லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற கதையிலிருந்து கரு எடுத்து, பாண்டிய நாட்டுக் களத்தில் செய்யுள் நாடகமாக அமைத்தார் சுந்தரம் பிள்ளை. அரசு விழாக்களில் 1970 முதல் பாடப்படும் 'நீராருங் கடலுடுத்த' அந்த நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்து சில வரிகள் நீக்கி எடுக்கப்பட்டது. விழாவில் கேட்ட வடிவத்தை நாடகத்தின் மூலபாடம் என்று மேற்கோள் காட்டக் கூடாது.

உறவும் சாதியும் ஊகிக்கக் கூடாதவை

ஒரே பட்டம் இருப்பதால் உறவு, ஒரே சாதி என்று எழுதுவது மிகவும் சங்கடமான பிழை. ஆனந்தரங்கப் பிள்ளை யாதவ குலத்தவர். நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இசை வேளாளர். 'செம்மீன்' எழுதிய தகழி சிவசங்கர பிள்ளை (1912–1999) நாயர். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்துக்கு முழுமையாக உரை கண்ட பெரியவாச்சான் பிள்ளையோ வைணவ அந்தண ஆசாரியர். அவருடைய இயற்பெயரும் கிருஷ்ணர்தான். சான்று இல்லாமல் 'வேளாளர் குலத்தில் பிறந்த' என்ற தொடக்க வாக்கியத்தை எந்தப் பிள்ளைக்கும் போடாதீர்கள்.

கணிதத்திலும் புள்ளியியலிலும் குழப்பம் வேறு வகை. 'பிள்ளை' என்று மட்டும் மேற்கோள் காட்டுவது அங்கே மரபு. எஸ்.எஸ். பிள்ளை (1901–1950) எண்கோட்பாட்டாளர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார். புள்ளியியல் மென்பொருளில் 'பிள்ளை டிரேஸ்' என்று வருவது அவருடையது அல்ல; அது பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த கே.சி.எஸ். பிள்ளையின் (1920–1985) பெயர். 'பிள்ளை பகா எண்' எஸ்.எஸ். பிள்ளையைக் குறிக்கும்.

தேடலும் அகரவரிசையும்

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி, கிடைக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சுந்தரம் பிள்ளை, சுந்தரம்பிள்ளை, சுந்தரனார் மூன்றும் போட்டுப் பாருங்கள். கிருஷ்ண பிள்ளையைக் கிருட்டிணப் பிள்ளை என்றும், இராமலிங்கத்தை ராமலிங்கம் என்றும் தேட வேண்டும். பாடநூல்களில் சாதிப் பட்டம் நீக்கப்படுவதால் 'பிள்ளை' இல்லாமலும் ஒருமுறை. வெறும் 'பிள்ளை' என்று தேடினால் பிள்ளைத்தமிழ் நூல்களெல்லாம் வந்து குவியும்.

அகரவரிசையில் இவர்களை இயற்பெயரில்தான் அடுக்க வேண்டும்: 'சுந்தரம் பிள்ளை, பெ.' சகரத்தில், 'வையாபுரிப் பிள்ளை, எஸ்.' வகரத்தில். எல்லோரையும் பகரத்தில் கொண்டுபோய்க் குவித்தால் ஒரே இடத்தில் நூறு பேர் நிற்பார்கள், தேடுகிறவர் களைத்துப் போவார். ஆங்கிலப் பட்டியல்கள் 'பிள்ளை'யை முன்னால் போடுவதால், அங்கிருந்து எடுக்கும் ஒவ்வொரு பதிவையும் திருப்பிப் போட வேண்டும்.

இதற்கு விலக்கு தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள். அங்கே 'பிள்ளை' தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப் பெயராகிவிட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த டர்பன் நகர நவநீதம் பிள்ளைக்கு அது கணவர் வழி வந்த பெயர். அவரைப் பகரத்தில் 'பிள்ளை, நவநீதம்' என்று வைப்பதே சரி. நகரத்தில் ஒரு சுட்டுக்குறிப்பு போட்டால் தமிழ் வாசகருக்கும் கிடைப்பார்.