மீன் தொட்டியில் லக்கி பாம்பூ: முதல்முறை வைப்பவர்களுக்கு

வீட்டு மீன் தொட்டியில் முதன்முதலாகச் செடி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது லக்கி பாம்பூதான். இதற்கு மண் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம், விலை உயர்ந்த விளக்கும் வேண்டாம். விதி ஒன்றே ஒன்று: வேர் தண்ணீருக்குள், இலை தண்ணீருக்கு வெளியே.

சில கடைகளில் செடியை முழுக்க மூழ்கவைத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இது நீர்த்தாவரம் இல்லை, மூங்கிலும் இல்லை. மத்திய ஆப்பிரிக்காவில், கேமரூன் பக்கத்துக் காடுகளில் மர நிழலில் வளரும் டிரசீனா வகைச் செடி. இலைக்குக் காற்று வேண்டும். மூழ்கிய செடி சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். அப்புறம் இலை மஞ்சளாகி, தண்டு கொழகொழவென்று அழுகும். அந்த அழுகலில் அம்மோனியா ஏறி மீன்தான் சாகும்.

1. வாங்குவது

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் கடைகளிலும், ஈசிஆர் ஓரத்து நர்சரிகளிலும் கிடைக்கும். தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். வேர் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், இந்தச் செடியின் நல்ல வேருக்கு அதுதான் நிறம். மஞ்சள் ஏறிய தண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உயரத்தைக் கவனியுங்கள். ஒரு அடி உயரத் தொட்டிக்கு ஒன்றரை அடித் தண்டாவது வேண்டும். குட்டையான தண்டுகளை அடுக்கி, கம்பியும் ரிப்பனும் கட்டிய அலங்காரச் செடியைத் தவிர்த்துவிடுங்கள். தனித்தனித் தண்டாக வாங்குவதே நல்லது.

2. கழுவித் தனியே வைப்பது

கம்பி, ஜெல் உருண்டை, கூழாங்கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தண்டையும் வேரையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பு படவே கூடாது. நர்சரியில் பூச்சிமருந்தோ உரமோ போட்டிருக்கலாம். அதனால் ஒரு வாரம் தனிப் பாத்திரத்தில், வேர் மூழ்கும் அளவு தண்ணீரில் வையுங்கள். அந்தத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். மீன் இல்லாத தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல இடம். கொசுப்புழு தேடி மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது செடி வைத்த பாட்டிலையும் பார்ப்பார்கள், அதில் அர்த்தம் இருக்கிறது.

3. தண்ணீர்

சென்னையில் செடி வாடினால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் கெடுக்கும், இலை நுனியையும் கருக்கும். கடையில் கேட்டால் ஆன்டி குளோரின் கொடுப்பார்கள். பாட்டிலில் போட்டிருக்கும் அளவு சேர்த்த பிறகே தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுங்கள். லாரித் தண்ணீர் என்றாலும் அதையே செய்துவிடுங்கள்.

போர் தண்ணீர் ஏரியாவுக்கு ஏரியா மாறும். கடலோரப் பகுதிகளில் உப்பு அதிகம், லக்கி பாம்பூவுக்கு உப்பு ஆகாது. வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்றால், பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளலாம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை மட்டும் வீணாக்கக் கூடாதே என்று தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

4. நிறுத்துவது

தொட்டியின் பின்பக்க மூலைதான் சரியான இடம். வேரைக் கூழாங்கல்லுக்குள் லேசாகச் செருகி, தண்டைக் கண்ணாடியில் ஒட்டும் சக்ஷன் கப் கிளிப்பில் மாட்டிவிடுங்கள். கற்களை அழுத்தி அடைக்க வேண்டாம், வேர் நசுங்கும். தண்டு எவ்வளவு மூழ்கினாலும் பரவாயில்லை, முதல் இலை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும்.

ஃபில்டர் உறிஞ்சும் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள், வேர் அதற்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். மூடி இருந்தால் அந்த மூலையில் மட்டும் இடைவெளி விடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி என்றால் ஏறத்தாழ 50 லிட்டர் பிடிக்கும், அதற்கு நாலைந்து தண்டு போதுமானது.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். நேர் வெயிலில் இலை கருகும், தொட்டி பாசி பிடிக்கும், மே மாதத்தில் தண்ணீரும் சுட்டுவிடும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம்.

5. மீன்

கப்பி, மோலி, டெட்ரா, ஃபைட்டர் எல்லாம் இந்தச் செடியோடு ஒத்துப்போகும். குட்டிக் கப்பிகள் வேர்களுக்குள் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். கோல்டு ஃபிஷ் மட்டும் கல்லைக் கிளறி வேரைக் கடித்து இழுக்கும். தனியாக உரம் போட வேண்டியதில்லை. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை வேர் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இது மெதுவாக வளரும் செடி, தண்ணீர் மாற்றும் வேலையை இது செய்துவிடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். நைட்ரேட்டைக் குறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், இதே முறையில் மணி பிளான்ட் வேரைத் தொட்டிக்குள் விடுங்கள். அது இதைவிட வேகமாக வளரும்.

6. பிறகு கவனிக்க வேண்டியவை

ஓர் இலை மஞ்சளானால் கிள்ளி எறிந்தால் போதும். தண்டே மஞ்சளானால் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், அது திரும்பப் பச்சையாகாது. மேலே பச்சைத் துளிர் மிச்சமிருந்தால் அதை மட்டும் வெட்டி, வேறு பாத்திரத்தில் வேர்விட வைக்கலாம். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இலை அவற்றுக்கு எட்டாதபடி தொட்டியை உயரத்தில் வையுங்கள். தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும்.