கள்ளு, வாழையிலை, மின்மினி: கோலாலம்பூரிலிருந்து ஒரு நாள்

ஆறேழு பேர் என்றால் ஒரு வேன் போதும், அதற்கு மேல் கூட்டம் சேர்க்காதீர்கள். காலையில் கிளம்பி, மதியத்துக்குள் எங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கு (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, தோட்டத்து ஆட்களுக்கு இன்னும் அதுதான்) வந்து வாழையிலையில் சாப்பிடுங்கள். கள்ளு வேண்டுமென்றால் அன்று இறக்கியதா என்று கேட்டு வாங்குங்கள், புதுசாக இருக்கும்போதுதான் இனிப்பு, அப்புறம் புளித்து ஏறிவிடும். வேன் ஓட்டுபவர் தொடவே கூடாது. மாலையில் கோலசிலாங்கூர் புக்கிட் மலாவத்தி குன்று. அங்கே சாம்பல் நிறக் குரங்குகள் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டிகளை வைத்திருக்கும், கொள்ளை அழகு. இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகு ஏறுங்கள், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்தாற்போல் சிமிட்டும். நிலவில்லாத இரவாகப் பாருங்கள். ஃபிளாஷ் தயவுசெய்து வேண்டாம், தங்கள் ஒளியை வைத்துத்தான் மின்மினிகள் துணை தேடுகின்றன.