இயற்கை விளைபொருள்: எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

இயற்கை விளைபொருளுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரைக்குச் செலவிடுங்கள். வாழைப்பழம், வெங்காயம், தர்பூசணி சாதாரணக் கடையிலேயே வாங்கலாம். தெளிக்கிற மருந்து படிவது மேற்பரப்பில்தான். பழத்தில் அந்த மருந்தின் பெரும்பகுதி தோலோடு போய்விடும், இலையை அப்படியே அல்லவா தின்கிறோம்? கறிவேப்பிலையின் அடிப்புறமும் காம்பு சேரும் இடமும் குழாய்த் தண்ணீரில் லேசில் சுத்தமாகாது. இந்தியக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்துச் சோதனையைக் கூட்டியதும் இலையில் தங்கும் மருந்து எச்சத்தால்தான். பாக்கெட்டில் வாங்கினால் இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ இருக்கிறதா பாருங்கள்.

வேர் வழியாக உள்ளே ஏறும் மருந்துகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. வாழைக்காய்த் தோலில் துவையல் அரைப்பவர்களுக்கும் அப்படித்தான். மண்ணுக்காகவும் மருந்தடிக்கும் கூலியாளுக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால், சரி, தோலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் இயற்கையாகவே வாங்குங்கள்.