ட்ரோன் மருந்துத் தெளிப்பை வாடகைக்கு எடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருந்துகொண்டு, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நான்கைந்து ஏக்கர் நெல் பயிரிடுவோருக்காக இதை எழுதுகிறேன். நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அடுத்து ட்ரோனுக்கு மாறப்போவது பூச்சிமருந்துத் தெளிப்பு. ஒரு போகத்தில் சில நாள் மட்டுமே வேலையிருக்கும் கருவிக்கு லட்சக்கணக்கில் முதல் போடுவதைவிட, அதை வாடகைக்கு எடுப்பதே சிறு விவசாயிக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, ஓட்டுபவரிடம் விமானிச் சான்றிதழும் கருவிக்குத் தனி அடையாள எண்ணும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் அனல் மின் நிலையமும் துறைமுகமும் இருப்பதால், உங்கள் நிலம் முன் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் வருகிறதா என்பதை, மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் முன்கூட்டியே சரிபார்ப்பது அவசியம்.

மிகுந்த கவனம் வேண்டியது மருந்தின் செறிவில்தான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை கலக்கும் அதே அளவு மருந்தை, ட்ரோனில் ஏறக்குறைய 10 லிட்டர் நீரிலேயே கலக்கிறார்கள். எனவே காற்றில் விலகிப்போகும் ஒவ்வொரு துளியும் பல மடங்கு கடுமையானது. பழவேற்காட்டை ஒட்டிய பகுதிகளில் வயலுக்கு அருகிலேயே இறால் குட்டைகள் உண்டு. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே இறாலைக் கொன்றுவிடும். ஆகவே குட்டைப் பக்கத்து வரப்போரம் அகலமாக ஒரு பட்டையைத் தெளிக்காமல் விடுவதோடு, குட்டைக்காரருக்கும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். கோடையில் பயிரிடும் சொர்ணவாரிப் பருவத்தில் கடற்காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

எல்லாப் பூச்சிக்கும் ட்ரோன் உதவாது. மேல் இலைகளில் இருக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அது பொருந்தும். சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியோ தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். அடர்ந்த பயிரில் அவ்வளவு கீழே மருந்து இறங்குவது கடினம். அதற்கு நீரை வடித்துவிட்டு, எட்டடிக்கு ஒரு பட்டம் (நடைவழி) பிரித்து, கையால் அடித்தூரில் தெளிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

மருந்தை ஊற்றுவதற்கு முன் வெறும் நீரில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். நீர் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாள்கள் கடைகளில் கிடைக்கின்றன. மேல் இலையில் ஒன்றும் தூரருகே ஒன்றும் செருகி வைத்தால், துளி எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். தூரருகே வைத்த தாள் மஞ்சளாகவே இருந்தால், பறக்கும் உயரத்தையும் வேகத்தையும் குறைக்கச் சொல்லி மீண்டும் பாருங்கள்.

வேலை முடிந்தபின் தொட்டி கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல், தெளித்த வயலுக்குள்ளேயே ஊற்றச் சொல்லுங்கள்.